கையால் செய்யும் அலைச்சறுக்குப் பலகை: மூலப்பொருள், மிதப்பு, சுற்றாடல்

மாணவர்களே, பொத்துவில் அறுகம்குடாவைப் பார்த்தவர்களுக்கு அலைச்சறுக்குப் பலகையை அறிமுகஞ் செய்யத் தேவையில்லை. ஏப்பிரல் தொடக்கம் ஒக்டோபர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், அக்கரையில் நூற்றுக்கணக்கான பலகைகளைக் காணலாம். பார்வைக்கு அழகான, மெல்லிய, வெள்ளை நிறப் பொருள். ஆனால் அது எதனால் ஆனது, உடைந்த பின்னர் எங்கே போகிறது என்று கேட்டால் விடை அவ்வளவு அழகானதல்ல.

இப்பாடம் ஒரே பொருளை எடுத்து, அதனூடாகப் பல்பகுதியம், அடர்த்தி, மேலுதைப்பு, ஒட்சியேற்றம், நிலைபேறான பயன்பாடு ஆகிய ஐந்து விடயங்களை மீட்டிப் பார்க்கிறது. பாடப்புத்தகத்தில் இவை வெவ்வேறு அலகுகளில் இருப்பதனால் பலர் அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பதில்லை. கட்டமைப்பு வினாக்களில் புள்ளி இழப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வழக்கமான பலகை

இன்று கடைகளில் விற்கப்படும் பலகைகளிற் பெரும்பாலானவை மூன்று பகுதிகளைக் கொண்டவை. நடுவே நுரை அகணி. அதன் மேல் கண்ணாடி நார்த் துணி. அத்துணியை நனைத்து இறுகச் செய்யும் ரெசின். நுரை பொலியூரித்தேனாக அல்லது பொலிஸ்ரைரீனாக இருக்கும். பொலிஸ்ரைரீன் நுரையை நீங்கள் நன்கு அறிவீர்கள். நாம் ரெஜிபோம் என்று அழைப்பது அதனையே. ரெசின் பொலியெசுத்தராக அல்லது எப்பொட்சியாக இருக்கும். இவை அனைத்தினதும் ஆரம்ப மூலப்பொருள் பெருமளவிற்குப் பெற்றோலியம்.

ரெசின் இறுகியதும் அது வெப்பமிறுக்கும் பிளாத்திக்கு ஆகின்றது. அதாவது மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் ஏற்பட்டுவிடுகின்றன. மீண்டும் வெப்பமேற்றினால் அது உருகாது, கருகும். யோகட் கோப்பையை உருக்கி வேறொரு பொருளாக வார்க்கலாம். உடைந்த அலைச்சறுக்குப் பலகையை அவ்வாறு செய்ய முடியாது. நுரையும் கண்ணாடி நாரும் ரெசினும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டதனால் அவற்றை வேறாக்குவதும் கடினம். எனவே உடைந்த பலகை குப்பை மேட்டுக்கே போகின்றது.

உற்பத்தி செய்யும் தொழிலாளியின் நிலையையும் கவனிக்க வேண்டும். பொலியெசுத்தர் ரெசினில் ஸ்ரைரீன் என்னும் ஆவிப்பறப்புள்ள திரவம் கலந்திருக்கின்றது. ரெசின் பூசப்படும் அறையில் அதன் ஆவியைத் தொழிலாளி சுவாசிக்கின்றார். பொலியூரித்தேன் நுரையைத் தயாரிக்கப் பயன்படும் தொலுயீன் இருசமசயனேற்று என்னும் பதார்த்தம் சுவாசப்பாதையைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது, ஆஸ்துமாவையும் ஏற்படுத்தும். ஐக்கிய அமெரிக்காவில் பலகை செய்வோருக்குத் தேவையான நுரைக் கட்டிகளில் மிகப் பெரும் பங்கை கிளார்க் போம் என்ற ஒரே நிறுவனமே வழங்கி வந்தது. 2005 டிசெம்பர் 5 ஆம் திகதி அது திடீரென மூடப்பட்டது. அதன் உரிமையாளர் கோர்டன் கிளார்க் வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதத்தில், இந்த நச்சுப் பதார்த்தம் தொடர்பான சட்டக் கட்டுப்பாடுகளையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டிருந்தார். ஒரு தொழில் முழுவதும் ஒரே மூலப்பொருளில் தங்கியிருப்பதன் ஆபத்தை அன்று பலகை செய்வோர் அனைவரும் உணர்ந்தனர். மாற்று மூலப்பொருள்களைத் தேடும் முயற்சி அதன் பின்னர் வேகம் பெற்றது.

மரப்பலகையின் பழைய வரலாறு

மாற்று வழி ஒன்று ஏற்கெனவே இருந்தது. பசுபிக் சமுத்திரத்தின் ஹவாய்த் தீவு மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே மரப்பலகையில் அலை மீது சறுக்கினார்கள். கப்டன் குக்கின் கப்பலில் பணியாற்றிய ஜேம்ஸ் கிங் 1779 இல் இதனைத் தமது குறிப்பேட்டில் விவரித்துள்ளார். மெல்லிய பலகைக்கு அலாயா என்றும், பிரபுக்கள் பயன்படுத்திய நீண்ட, தடித்த பலகைக்கு ஓலோ என்றும் பெயர். ஓலோ நான்கு மீற்றருக்கும் அதிக நீளமுடையது. ஐம்பது கிலோகிராமைத் தாண்டும் பலகைகளும் உண்டு.

அவர்கள் பயன்படுத்திய மரங்களைப் பாருங்கள். ஒன்று கோவா, இது அக்கேசியா இனம். இரண்டாவது ஈரப்பலா, ஆம், நாம் கறி சமைக்கும் அதே ஈரப்பலா. மூன்றாவது விலிவிலி, இது நமது வேலியோரத்து முள்முருக்கின் நெருங்கிய உறவு, இரண்டும் எரித்திரைனா என்னும் ஒரே சாதியைச் சேர்ந்தவை. முள்முருக்குக் கட்டையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு, ஓலோவை விலிவிலி மரத்தில் செய்ய விரும்பியதன் காரணம் உடனே புரியும். அது மிக இலேசானது. கல்லாலும் பவளப்பாறைத் துண்டாலும் தேய்த்து மிருதுவாக்கி, வித்துகளிலிருந்து பெற்ற எண்ணெயைப் பூசினார்கள்.

1926 இல் தொம் பிளேக் என்னும் அமெரிக்கர் ஹொனலூலுவில் உள்ள பிஷப் அரும்பொருட்காட்சியகத்தின் பழைய பலகைகளை ஆராய்ந்தார். அவற்றைப் போலச் செய்த பலகை பாரமாக இருந்ததால், மரத்தில் துளைகளிட்டு உள்ளே வெற்றிடம் ஏற்படுத்தி மேலே மூடினார். உட்பொள்ளான பலகைக்கு 1932 இல் ஆக்கவுரிமமும் பெற்றார். 1950களின் இறுதியில் நுரை வந்ததும் மரம் பின்தள்ளப்பட்டது. 2000களின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலியாவின் தொம் வெக்னர் என்னும் கைவினைஞர் அலாயாவை மீண்டும் செய்யத் தொடங்கியதனால் உலகெங்கும் பலர் அதனைப் பின்பற்றினார்கள். நாம் விரிவாகப் பார்க்கப் போவது இந்த அலாயாவையே. ரெசினும் கண்ணாடி நாரும் இன்றி, கைக்கருவிகளால் செய்யக்கூடியது அது.

மரத்தைத் தெரிவு செய்தல்

அலாயாவுக்கு இன்று அதிகம் விரும்பப்படுவது போலோனியா மரம். சீனாவைத் தாயகமாகக் கொண்டது. யப்பானியர் அதனால் உடைப் பெட்டகங்களைச் செய்கின்றனர். அதன் அடர்த்தி கனமீற்றருக்கு ஏறத்தாழ 280 கிலோகிராம். பல்சா மரத்தின் அடர்த்தி இதனிலும் குறைவு, ஏறத்தாழ 160. அப்படியாயின் பல்சாவையே எடுக்கலாம் அல்லவா? எடுக்க முடியாது. பல்சா நீரை இலகுவில் உறிஞ்சும்; மென்மையானதால் விரலால் அழுத்தினாலும் பள்ளம் விழும். எனவே அதற்கு ரெசினும் கண்ணாடி நாரும் கட்டாயம் தேவை. போலோனியா உப்பு நீரை நன்கு தாங்கும். எண்ணெய் பூசினால் போதுமானது. குறைந்த அடர்த்தி மட்டும் பார்த்து மரத்தைத் தெரிவு செய்யக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பலகையின் குறுக்குவெட்டு முனையைப் பார்த்து ஆண்டு வளையங்களின் திசையை அறிந்து கொள்ளுங்கள். வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்குமாயின், ஈரத்தில் அது குறைவாகவே வளையும். கோடுகள் முகத்துக்குச் சமாந்தரமாகக் கிடந்தால் பலகை தோணி போல வளைந்துவிடும். முடிச்சு உள்ள இடத்தைத் தவிர்க்க வேண்டும்.

செய்முறை

ஒரே பலகையில் நாற்பது சென்ரிமீற்றர் அகலம் கிடைப்பது அரிது. ஆகவே மூன்று அல்லது நான்கு பலகைகளை விளிம்போடு விளிம்பாக ஒட்ட வேண்டும். இந்த வேலை முழுவதிலும் அதிகப் பொறுமை தேவைப்படுவது இங்கேதான். இரு விளிம்புகளையும் சீவுளியால் சீவி, ஒன்றோடொன்று வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையில் ஒளி தெரிந்தால் மீண்டும் சீவ வேண்டும். இடைவெளியைப் பசையால் நிரப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கடலில் முதலில் பிளப்பது அந்த இடம்தான். நீரிற் கரையாத மரப்பசையைப் பூசி, கிளாம்புகளால் இறுக்கி, ஒரு நாள் முழுவதும் விட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி மூட்டு வலுவிழக்கும்.

பின்னர் தடித்த கடதாசியில் பலகையின் அரைவாசி உருவை மட்டும் வரைந்து வெட்டி எடுங்கள். நடுக்கோட்டின் ஒரு பக்கத்தில் அதனை வைத்து வரைந்து, புரட்டி மறுபக்கத்திலும் வரைந்தால் இரு பக்கங்களும் சமச்சீராக அமையும். கணித பாடத்தில் படித்த இருபுடைச் சமச்சீர் இங்கே உதவுகின்றது. கோட்டுக்குச் சற்று வெளியே வாளால் அறுத்து, எஞ்சியதைச் சீவுளியால் எடுக்க வேண்டும்.

அலாயாவின் தடிப்பு ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் மட்டுமே. மேற்பக்கம் சற்றுக் குவிவாகவும், அடிப்பக்கம் நடுவே மிக மெல்லிய குழிவாகவும் சீவப்படும். இப்பலகைக்குச் செதில் கிடையாது. பின்பகுதியின் கூரிய ஓரம் அலைச்சுவரைப் பற்றிக்கொள்வதாலேயே அது பக்கமாக வழுக்காமல் செல்கின்றது. ஆகவே ஓரத்தைத் தேய்த்து உருட்டிவிட்டால் பலகை அழகாக இருக்கும், ஆனால் அலையில் நிற்காது. இறுதியில் கரடான அரத்தாளில் தொடங்கி நுண்ணிய அரத்தாள் வரை, மரநாரின் திசையில் தேய்க்க வேண்டும். தூசியைச் சுவாசிக்காதவாறு முகமூடி அணிதல் அவசியம்; இயற்கை மரத்தூசியும் நுரையீரலுக்குத் தீங்கானதே.

இங்கு விழும் சீவல்களை அடுப்பெரிக்கலாம், கூட்டெரு ஆக்கலாம். நுரைப் பலகையைச் சீவும்போது விழும் தூளுக்கு இவ்விரண்டு வழியும் இல்லை.

எண்ணெய் பூசுதல் (மிகக் கவனமாக வாசிக்கவும்)

பூசப்படுவது ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் பூசினால் அது எப்போதும் எண்ணெய்ப் பிசுக்காகவே இருக்கும். ஆளிவிதை எண்ணெய் சில நாட்களில் காய்ந்து படலமாகிவிடும். காரணம் என்ன? ஆளிவிதை எண்ணெயின் மூலக்கூறுகளில் காபன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புகள் பல உள்ளன. அவை வளியிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கமுற்று, ஒன்றோடொன்று பிணைந்து பல்பகுதியமாகின்றன. நீர் ஆவியாவது போன்ற உலர்தல் அல்ல இது; ஓர் இரசாயன மாற்றம். தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு.

இத்தாக்கம் புறவெப்பத் தாக்கம். பலகையில் மெல்லிய படலமாக இருக்கையில் வெப்பம் வளிக்குப் போய்விடும். ஆனால் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், உள்ளே தோன்றும் வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, வெப்பநிலை உயர்ந்து, சில மணித்தியாலங்களில் துணி தானாகத் தீப்பற்றலாம். நெருப்புக்குச்சி தேவையில்லை. மரவேலைக்கூடங்கள் இவ்வாறு எரிந்துள்ளன. துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் நிரப்பிய உலோகப் பாத்திரத்தில் அமிழ்த்தி மூடி வையுங்கள். செயன்முறை வேலை செய்யும் மாணவர்கள் இதனை ஆசிரியர் முன்னிலையிலேயே செய்ய வேண்டும்.

மிதப்புக் கணிப்பு

பலகையை 1.8 மீற்றர் நீளமும், 0.4 மீற்றர் அகலமும், 0.02 மீற்றர் தடிப்பும் கொண்ட செவ்வகத் திண்மமாகக் கருதுவோம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனவும், கடல்நீரின் அடர்த்தியைக் கனமீற்றருக்கு 1025 கிலோகிராம் எனவும் கொள்க.

கனவளவு = 1.8 × 0.4 × 0.02 = 0.0144 கனமீற்றர்
திணிவு = 0.0144 × 280 = 4.03 கிலோகிராம்
நிறை = 40.3 நியூற்றன்
முழுவதும் அமிழ்ந்தால் மேலுதைப்பு = 0.0144 × 1025 × 10 = 147.6 நியூற்றன்
மேலதிகமாகத் தாங்கக்கூடியது = 147.6 – 40.3 = 107.3 நியூற்றன்

அதாவது ஏறத்தாழ 10.7 கிலோகிராம். உங்கள் திணிவு 45 கிலோகிராம் என்றால், அமைதியான நீரில் இதன் மீது நீங்கள் நின்றால் பலகையோடு சேர்ந்து அமிழ்வீர்கள். அப்படியானால் இப்பலகை எப்படிப் பயன்படுகின்றது? நல்ல வினா, இதனைக் கேட்காமல் கணிப்பை மட்டும் செய்து முடிப்பவர்களே அதிகம். படுத்திருக்கும்போது உங்கள் உடலின் பெரும்பகுதி நீருக்குள் இருப்பதால், உடலின் மீதே ஒரு மேலுதைப்புத் தொழிற்படுகின்றது. நீருக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் பலகை தாங்கினால் போதும். எழுந்து நிற்கும்போது பலகை வேகமாக இயங்கிக்கொண்டிருக்கும். அது நீரைக் கீழ்நோக்கித் தள்ள, நீர் பலகையை மேல்நோக்கித் தள்ளுகின்றது. நியூற்றனின் மூன்றாம் விதி. வேகம் குறைந்ததும் அமிழத் தொடங்கும். அலாயாவில் நிற்கப் பழகுவது மிகக் கடினம் என்று சொல்லப்படுவது இதனால்தான்.

கூடிய மிதப்பு வேண்டுமாயின் உட்பொள்ளான மரப்பலகை செய்யலாம். ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 2005 இல் ஆரம்பிக்கப்பட்ட கிரெய்ன் சர்ஃப்போர்ட்ஸ் என்னும் பட்டறை, வெண்சீடர் மரக்கீலங்களை ஒரு சட்டகத்தின் மீது வைத்து, படகு கட்டுவது போலவே இதனைச் செய்கின்றது. பிறருக்கும் கற்றுக் கொடுக்கின்றது. இப்பலகைக்குக் காற்றுத் துளையும் அதற்கொரு திருகு மூடியும் அவசியம். வெயிலில் 47 பாகை செல்சியசில் கிடந்த பலகையை 27 பாகை நீரில் இட்டால், அடைபட்ட வளியின் அமுக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு வீதம் குறையும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் இது 6000 நியூற்றனுக்கும் மேற்பட்ட விசை. மூட்டுகள் பிளக்கப் போதுமானது. (வாயு விதிகளை உயர்தரத்தில் விரிவாகக் கற்பீர்கள்.) வெளிப்புறம் கண்ணாடி நாரும் எப்பொட்சியும் கொண்டு மூடப்படுவதால், இப்பலகை முற்றிலும் பிளாத்திக்கு அற்றது என்று எழுதக்கூடாது.

மாணவர் தவறவிடும் இடங்கள்

“மரம் இயற்கையானது, ஆகவே சுற்றாடலுக்கு நல்லது” என்ற விடைக்கு முழுப் புள்ளி கிடைக்காது. எந்த மரம், எங்கே வளர்ந்தது, வெட்டியதற்குப் பதிலாக நடப்பட்டதா என்பதையும் கூற வேண்டும். 2020 அளவில் காற்றாலை இறக்கைகளுக்காகப் பல்சாவின் தேவை திடீரென உயர்ந்தபோது, எக்குவடோர் நாட்டின் அமேசன் காடுகளில், ஆதிக்குடிகளின் நிலங்களிலும், அது அனுமதியின்றி வெட்டப்பட்டது. பசுமைச் சக்திக்கான கேள்வி காட்டை அழித்தது என்பது கசப்பான உண்மை. விலிவிலி மரமும் 2005 இல் ஹவாயை வந்தடைந்த ஒரு சிறு குளவியினத்தால் பெருமளவில் பாதிக்கப்பட்டது. 2008 இல் அதன் இயற்கை எதிரி ஒன்றை விடுவித்தே மரத்தைக் காக்க வேண்டியிருந்தது. போலோனியாவும் குறைபாடற்றதல்ல. அதன் ஓர் இனம் ஐக்கிய அமெரிக்காவின் கிழக்கே ஆக்கிரமிப்புத் தாவரமாகப் பரவியுள்ளது.

இன்னொரு தவறு, தாவரத்திலிருந்து பெறப்பட்ட பொருளையும் உக்கும் பொருளையும் ஒன்றாக நினைப்பது. தாவர எண்ணெய்களிலிருந்து கிடைக்கும் கிளிசரோலை மூலப்பொருளாகக் கொண்டு எப்பொட்சி ரெசினின் ஒரு பகுதியைத் தயாரிக்க முடியும். பெற்றோலியப் பயன்பாடு அதனால் குறைகின்றது. ஆனால் இறுகிய பின்னர் அதுவும் வெப்பமிறுக்கும் பிளாத்திக்கே; நுண்ணங்கிகளால் அதனை இலகுவில் பிரிந்தழியச் செய்ய முடியாது. எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, எங்கே போகும் என்பது வேறொரு கேள்வி.

மீள்சுழற்சி செய்த ரெஜிபோம் அகணியைப் பயன்படுத்துவோரும் உள்ளனர். அதற்குப் பொலியெசுத்தர் ரெசினைப் பூச முடியாது. அதிலுள்ள ஸ்ரைரீன் பொலிஸ்ரைரீனைக் கரைத்துவிடும். எப்பொட்சியே பயன்படும். அதன் ஆவி குறைவு என்றாலும், இறுகாத நிலையில் தோலில் பட்டால் ஒவ்வாமை ஏற்படலாம், கையுறை கட்டாயம்.

காபன் பற்றியும் ஒரு கணிப்பு. உலர்ந்த மரத்தின் திணிவில் ஏறத்தாழ அரைவாசி காபன். நமது 4 கிலோகிராம் அலாயாவில் 2 கிலோகிராம் காபன் உண்டு. அது வளியிலிருந்து ஒளித்தொகுப்பின் மூலம் பெறப்பட்டது. 12 கிராம் காபனுக்கு 44 கிராம் காபனீரொட்சைட்டு என்ற விகிதப்படி, 2 × 44 ÷ 12 = 7.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு. பலகை எரியாமல், உக்காமல் இருக்கும் வரைதான் அது அங்கே தங்கும். ஒரு பருவத்தில் உடையும் மரப்பலகையை விட, இருபது வருடம் பழுதுபார்த்துப் பயன்படுத்தும் பலகைக்கு மதிப்பு அதிகம் என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. நீங்கள் மாறுபடுவதானால் காரணத்துடன் எழுதுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. மேற்கூறிய அளவுள்ள பலகை பல்சா மரத்தால் செய்யப்பட்டால் அதன் திணிவு யாது? அது மேலதிகமாக எத்தனை நியூற்றன் தாங்கும்? (விடை: 2.3 கிலோகிராம், 124.6 நியூற்றன்)

2. போலோனியா அலாயா யாருமின்றிக் கடலில் மிதக்கும்போது, அதன் தடிப்பில் எத்தனை சென்ரிமீற்றர் நீருக்குள் இருக்கும்? (விடை: ஏறத்தாழ 0.55 சென்ரிமீற்றர்)

3. ஆளிவிதை எண்ணெய் காய்வதும், ஈரத்துணி காய்வதும் எவ்வாறு வேறுபடுகின்றன? எண்ணெய்த் துணியைக் கசக்கி வைப்பது ஆபத்தானது ஏன்?

4. “தாவர மூலப்பொருளால் ஆன ரெசின் பூசிய பலகையைக் கடற்கரையில் விட்டால் அது உக்கிவிடும்.” இக்கூற்றை விமர்சிக்குக.

5. உங்கள் ஊரில் கிடைக்கும் இலேசான மரம் ஒன்றைத் தெரிவு செய்க. அதன் சிறு துண்டு ஒன்றின் அடர்த்தியைத் தராசும் அளவுகோலும் கொண்டு துணிக. ஒரு கிழமை உப்பு நீரில் அமிழ்த்தி வைத்து மீண்டும் நிறுத்து, அது உறிஞ்சிய நீரின் அளவைக் காண்க. அலாயா செய்ய அம்மரம் பொருத்தமானதா எனக் காரணங்காட்டுக.